ஊர்காத்தான் என்ற பெயர்

உறுவையாறு கிராமத்து மஞ்சுளாவின் வேலையை ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வீடியோ கேமில் வரும் மாய வாள்களுக்கும் கதாயுதங்களுக்கும் தமிழில் பெயர் வைப்பாள். கத்திக்குப் பேர் வைக்கவா எம்.ஏ. படிச்சே என்று கேலி செய்தார்கள். அப்பா சாமிக்கண்ணு மட்டும் சிரித்ததில்லை. கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கைகளைக் கட்டிக்கொண்டு, அவள் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார்.

கம்பெனி அனுப்புவது வெறும் பட்டியல்தான். படம் வராது, கதையும் வராது. அந்த ஆயுதம் யார் கையில் இருக்கும் என்று கேட்டால், அது ரகசியம் என்று பதில் வரும். கேம் கம்பெனிக்காரர்களின் ரகசியத்தில் இடி விழ!

'பழமையான வளைந்த வாள். கண்டவர் பணிவர்' என்று ஒரு வரி வந்தது. மஞ்சுளா யோசிக்கவே இல்லை, 'ஊர்காத்தான்' என்று அடித்தாள். அது அவர்கள் வீரனார் கோயில் அரிவாளின் பெயர். ஆடித் திருவிழாவில் அருள் வந்து அதைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றுவது முப்பது வருஷமாகச் சாமிக்கண்ணுதான். வருஷமெல்லாம் அடுத்தவர் வயலில் குனிந்து கிடக்கிற மனுஷனுக்கு முன்னால் ஊரே குனிகிற நாள் அது ஒன்றுதான். அந்தப் பெருமையை நாடே பார்க்கப் போகிறது என்று பாவம், அவள் பூரித்துப்போனாள்.

சித்திரையில் கேம் வெளியானது. ஊர்காத்தான் இருந்தது, கிராமங்களைக் கொளுத்திக்கொண்டு வரும் ஒரு ராட்சசன் கையில். மஞ்சுளா பெயரை மாற்றச் சொல்லி மூன்று முறை கம்பெனிக்கு எழுதினாள். கேம் விளையாடுகிறவர்களுக்குப் பெயர் பிடித்துவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். அப்பா காதுக்கு மட்டும் இது எட்டக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

ஆடி வந்தது. பம்பை முழங்க, மாலையும் வேப்பிலையுமாகச் சாமிக்கண்ணு அரிவாளை உயர்த்தினார். கூட்டத்துக்குள்ளிருந்து பக்கத்துத் தெரு பாக்யராஜ் கத்தினான்: "டேய், ஊர்காத்தான் ராட்சசன் வந்துட்டான்டா! வூட்டக் கொளுத்தப் போறான், ஓடுங்கடா!"

வாலிபப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏனென்று தெரியாத பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். சாமிக்கண்ணுவின் உடம்பு ஆடுவது நின்றது. நடுத்தெருவில் அரிவாளைப் பிடித்தபடி ஒரு கூலிக்காரக் கிழவர் விழித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் மகளிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"இன்னாமா, அந்தப் பேரு நீ வச்சதாமே?"

"ஆமா நைனா. ராட்சசன் கையில குடுப்பாங்கன்னு தெரியாது நைனா. எனக்குத் தெரிஞ்சதுலயே பெரிய பேரு அதான்." அவள் அழுதுவிட்டாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அழாதம்மா. அடுத்த வருஷம் உன் சித்தப்பன் தூக்கட்டும். எனக்கு இனிமே சாமி வராது."