கரண்டியாகிப் போன அணில்

பதினோரு ஆண்டுகள் ஒரு குட்டி அணிலாகப் பேசியவருக்கு இப்போது வயது நாற்பத்தாறு. கார்ட்டூன் வெளிநாட்டுக்காரர்களுடையது, தமிழில் அணிலின் குரல் இவருடையது. ஸ்டூடியோவில் யாரும் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அணிலக்கா என்பார்கள். வீட்டில் சண்டை முற்றினால் கணவரும், "அணிலு, கொஞ்சம் மெதுவாப் பேசு" என்பார்.

கதை எளிது. முதல் எபிசோடில் வெள்ளம் வந்து அணிலையும் அதன் அம்மாவையும் பிரிக்கிறது. அன்றிலிருந்து அது ஊர் ஊராக அலைந்து, பார்ப்பவரிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறது: "எங்கம்மாவப் பாத்தீங்களா?" அழுதுகொண்டு, தும்மிக்கொண்டு, வாய் நிறையக் கொட்டையை அடக்கிக்கொண்டு என்று அந்த வரியை அணிலக்கா சொல்லாத விதமில்லை. கொட்டைக்காக நிஜமாகவே கன்னத்தில் பஞ்சை அடைத்துக்கொள்வார்.

காய்கறிக் கடையில், பஸ்ஸில், குரலை வைத்தே குழந்தைகள் பிடித்துவிடும்.

"அம்மா கெடைச்சாங்களா ஆன்ட்டி?"

"கெடைப்பாங்க கண்ணு. கடைசியில கண்டிப்பாக் கெடைப்பாங்க."

நம்பித்தான் சொன்னார். டப்பிங்கில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து, தன் வசனத்தை மட்டும் பேசிவிட்டுப் போவார்கள். கடைசி எபிசோடையோ சேனல் யார் கண்ணிலும் காட்டவில்லை. எனவே முடிவை அவர் முதன்முதலாகப் பார்த்தது கண்ணாடி அறைக்குள், மைக் முன்னால் நின்றபோதுதான்.

திரையில் அணில் மலை உச்சியில் ஒரு கதவைத் திறந்தது. உள்ளே அம்மா இல்லை. ஆளுயரக் கரண்டி ஒன்று நின்றது. கரண்டி ஒரு சுற்றுச் சுற்ற, அணிலும் கரண்டியானது. மேலிருந்து ஒரு செருப்பு விழுந்தது. அணிலாக இருந்த கரண்டி ஹிஹிஹி என்று சிரித்தது. முற்றும்.

"தம்பி, வேற ஏதோ படத்தப் போட்டுட்டீங்க" என்றார் டப்பிங் டைரக்டரிடம்.

"இல்லக்கா. இதான் கிளைமாக்ஸ்."

"கரண்டியா?"

"கரண்டிதான்."

"செருப்பு எதுக்கு?"

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "எழுதுனவங்களே, அர்த்தம் கேக்காதீங்கன்னு பேட்டி குடுத்திருக்காங்கக்கா."

"நல்ல நியாயம். பதினோரு வருஷம் கேக்க வெச்சிட்டு, இப்பக் கேக்காதீங்களாமா?"

பின்னால் சோபாவில் இருந்த சேனல் அதிகாரி லேப்டாப்பிலிருந்து தலை தூக்கினார். "வித்தியாசமா இருக்குல்ல மேடம்? நெட்ல எல்லாம் இதத்தான் பேசப்போறாங்க."

"பேசுவாங்க. திட்டுனாலும் பேச்சுதான" என்றார் அணிலக்கா.

வழி ஒன்றும் சொன்னார். டப்பிங்கின் பெரிய தொல்லை, படத்தில் வாய் அசைவதற்கு வார்த்தை ஒட்ட வேண்டும். வாய் தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் பேசலாம். "கரண்டிக்கு ஏது வாய்? சிரிப்புக்குப் பதிலா, 'அம்மா, இங்கதான் இருந்தீங்களா'ன்னு சொல்லிடறேன். கொழந்தைங்க மனசு ஆறிடும்."

"ரெண்டு செகண்டு இருக்கு சார், அந்த வரி உக்காரும்" என்றார் சவுண்ட் இன்ஜினியர்.

டைரக்டர் சோபாவைப் பார்த்தார்.

"ஒரிஜினல்ல சிரிப்பு" என்றார் அதிகாரி. " சிரிங்க மேடம், அவ்வளவுதான். அடுத்த தொடர்ல ரோபோவுக்கு உங்களத்தான் நெனச்சிருக்கோம். சின்ன விஷயத்துக்கு எதுக்கு வம்பு?"

"சின்ன விஷயந்தான். பாக்கறதும் சின்னதுங்கதான். கேக்க நாதியில்லங்கற தைரியம்."

ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினார். "எனக்குச் சிரிப்பு வரல. வந்தா நானே கூப்பிடறேன்" என்று வெளியே போனார்.

கூப்பிடத் தேவை இருக்கவில்லை. வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பாதி திறந்த கதவு வழியே அவருடைய சிரிப்பே கேட்டது. குரல் கொடுப்பவருக்குத் தொண்டை கட்டினால் ஒட்டுப்போட, பழைய சிரிப்பு, விக்கல், தும்மல் எல்லாவற்றையும் ஸ்டூடியோவில் தனியாகச் சேமித்திருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்துப் பொருத்தியிருந்தார் இன்ஜினியர். கரண்டிக்கு வாய் இல்லாதது அவர்களுக்கும் வசதியாகிவிட்டது.

அணிலக்கா உள்ளே வந்தார். குரல் உயரவில்லை.

"அது எந்தச் சிரிப்புன்னு தெரியுமா தம்பி? அணில் தூங்குறப்போ கனவுல அம்மா வந்து தலையத் தடவுவாங்களே, அப்பச் சிரிச்சது. அதக் கொண்டாந்து செருப்புக்கு ஒட்டுறீங்க."

"ஃபைல் பேரு 'சிரிப்பு பன்னெண்டு'க்கா. எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார் இன்ஜினியர்.

"கான்ட்ராக்ட்ல இருக்கு மேடம். பேசினதெல்லாம் சேனலோடது" என்றார் சோபாவில் இருந்தவர்.

"குரல் உங்களோடதா இருக்கட்டும். வெக்கம் யாரோடது?"

டைரக்டர் கேபிளைச் சுருட்டத் தொடங்கினார். அது அவர் வேலையே இல்லை.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடைசி எபிசோடு, அந்தச் சிரிப்போடு, ஒளிபரப்பாகிறது. ரோபோவுக்கு வேறொருவரைப் பேசி முடித்துவிட்டார்கள். ஞாயிறு அந்தப் பத்து மணிக்கு அணிலக்கா இன்னொரு ஸ்டூடியோவில் ஒரு சோப்பு விளம்பரத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார்.