மகளின் பையில் நான் வைத்த தூள்

என் மகள் வேகப்பந்து வீச்சாளர். மறுபடி எப்போது அவள் ஓர் அணிக்காகப் பந்து வீசுவாள் என்று இதை எழுதும் இன்று எனக்குத் தெரியாது. அந்த நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்தவன் நான்.

அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருக்கிறேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவது வேலை. ஒரு வண்டி பத்து நிமிடம் பிந்தினாலே, வழியில் என்ன ஆயிற்றோ என்று மனம் ஓடிவிடும். “சம்பளம் குடுத்துப் பயப்படச் சொல்ற வேலை ஒங்களுக்குன்னே அமஞ்சிருக்கு” என்பாள் என் மனைவி.

மகள் பள்ளியில் படிக்கும்போதே மதுரைக்குப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தாள். காலை முதல் வண்டியில் நான்தான் ஏற்றிவிடுவேன். காரியாபட்டி தாண்டியதும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. எட்டு வருடம் அந்தச் செய்தி தவறாமல் வந்தது. பிறகு மாநில அணி வந்தது. இந்த ஆண்டு ஆசிய நாடுகளின் வளர்ந்துவரும் மகளிர் அணிகளுக்கான போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். பாங்காக்கில் ஆட்டம். பெரிய அணிக்குப் போகிற வாசல் அது.

“வளர்ந்துவரும் அணின்னா, இன்னும் வளரலையாக்கும்?” என்று ஒரு கண்டக்டர் என் மேசைக்கு வந்து சீண்டினார்.

“அந்தப் புள்ள வீட்டு நெலையில குனிஞ்சு போகுது. இன்னும் எங்கிட்டு வளரச் சொல்றீரு?” என்றார் டீக்கடைக்காரர். அன்று நிலையத்தில் எல்லோருக்கும் என் செலவில் டீ.

அவள் புறப்பட இரண்டு மாதம் இருந்தபோது இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் வலி வந்தது. ஓடிவந்து பந்தை விடும்போது அந்தக் கால்தான் தரையைக் குத்தும். மதுரையில் டாக்டர் ஆறு வாரம் ஓய்வு என்றார். ஆறு வாரம் ஓய்வெடுத்தால் வேறொருத்தி அந்த இடத்துக்கு வந்துவிடுவாள். நான் அவளைத் திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருக்கும் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். எலும்பு, நரம்பு என்றால் எங்கள் டிரைவர்கள் எல்லோரும் போகிற இடம் அதுதான். “சீக்கிரம் கேக்குமா?” என்று அவரிடம் மூன்று தடவை கேட்டேன். பூசுவதற்கு எண்ணெயும் தேனில் குழைத்துத் தின்னக் கரும்பழுப்பாய் ஒரு தூளும் கொடுத்தார். நான்கே நாளில் வலி போய்விட்டது.

பிறகு அவள் பயிற்சி முகாமுக்குப் போனாள். அங்கிருந்து பேசும்போது, “அப்பா, இனிமே அந்தத் தூளு வேணாம். டீம் டாக்டர் குடுக்காத எதையும் வாயில வைக்கக் கூடாதாம். கையெழுத்து வாங்கிட்டாக” என்றாள். சரி என்றேன்.

சரி என்றவன்தான், முகாம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் பிற்பகல், அவள் தெருவில் சொல்லிக்கொண்டு வரப் போயிருந்த நேரத்தில், அந்தத் தூளை ஒரு பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டுக் காலுறைகளுக்கு நடுவே சொருகிவைத்தேன். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் மாத்திரையும் ஊசியும்தான். வைத்தியர் கொடுப்பதை நாங்கள் தூள் என்போம், எண்ணெய் என்போம். அதை மருந்து என்று யாரும் நினைப்பதில்லை. மிளகு ரசத்துக்கு அடுத்த வீட்டுக்காரன் மாதிரி அது. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் மருந்து என்றுதானே இருக்கும், இது மருந்தா என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். நான் பட்டம் வாங்கியவன். ஊரில் நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன்.

முதல் ஆட்டத்தில் அவள் மூன்று விக்கெட் எடுத்தாள். பேருந்து நிலையத்தில் என் கைபேசியைச் சுற்றிப் பதினைந்து தலை. அன்று சாயங்காலம் அவள் பேசினாள்.

“சாக்ஸுக்குள்ள என்னத்தப்பா வச்சிருக்கீக?”

“சும்மா, இருக்கட்டும்னு. காலு எப்படி இருக்கு?”

“லேசா வலிக்குது.”

“வேணும்னா எடுத்துக்க.”

அவள் சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை நான் இப்போதும் கேட்கிறேன்.

நான்கு நாள் கழித்து, காலை நேரம், மதுரை வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

“அப்பா, எங்க இருக்கீக?”

“டூட்டில. என்னம்மா?”

“அந்தத் தூள்ல என்னென்ன இருக்கு?”

கையில் இருந்த பேனாவை மேசைமேல் வைத்தேன்.

“நேத்து மேட்சு முடிஞ்சதும் என்னைய டெஸ்டுக்குக் கூப்பிட்டாக. ஒண்ணுக்கு எடுத்துக் குடுத்தேன். ஒரு வாரமா என்னென்ன சாப்பிட்டன்னு ஃபார்ம்ல எழுதச் சொன்னாக. தூளையும் எழுதிட்டேன்.”

“அத எதுக்கும்மா எழுதுன?”

“கேட்டாகளேப்பா. பாட்டில டாக்டர் வாங்கி வச்சுக்கிட்டாக. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம நாளைக்கு என்னைய எறக்க மாட்டாகளாம். நாளைக்குத்தான் செமி ஃபைனல். கேட்டுச் சொல்றீகளா?”

பதிவேட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத் திருச்சுழி வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் பருத்தி எடுத்த காடு வெறுமையாகக் கிடந்தது. திருச்சுழியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வைத்தியர் வீட்டுக்குப் போனபோது வெயில் உச்சியில் இருந்தது.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் அவர். தகரக் கொட்டகையில், ஒருவருடைய மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை நின்றுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

“பேரு சொன்னாப் பலிக்காது தம்பி. எங்க ஐயா எனக்குச் சொன்னதே அவரு கண்ண மூடுன வருசந்தான். எம்மகனுக்கே நான் இன்னும் சொல்லல.”

“எனக்குச் சொல்ல வேணாம்ணே. ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. நான் படிக்காம மடிச்சு அனுப்பிருறேன்.”

“மடிச்சா? போன்லயா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “எம்மருந்துல ஒரு கெடுதலும் வராது. நான் பொறுப்பு.”

“அவுக பொறுப்பு கேக்கலண்ணே. பேரு கேக்குறாக.”

எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைபேசியை எடுத்து முதல் ஆட்டத்தில் அவள் பந்து வீசுவதைப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார்.

“குத்துற காலு அதுதானா?”

“ஆமாண்ணே.”

“மொத்தக் கனமும் அதுல வந்து எறங்குதே. ஒரு நாளைக்கு எத்தன தரம்?”

“பயிற்சியோட சேத்தா நூறுக்கு மேல.”

“இது தெரியாமப் போச்சே. நான் என்னமோ புள்ளைக வெளையாட்டுன்னுல்ல நெனச்சேன்” என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். பிரண்டை, அமுக்கரா, முடக்கத்தான், சித்தரத்தை, சுக்கு. மொத்தம் பதினொன்று. நான் எழுதிக்கொண்டேன். எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள். பாதி எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பவை. உயிர் திரும்பி வந்தது. எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன்.

“உக்காருங்க” என்றார்.

உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். பாதி காலி.

“இதையும் எழுதிக்கங்க.”

எனக்குப் புரியவில்லை. அவர் அட்டையை என் மடியில் வைத்தார்.

“கொஞ்ச வருசமாத்தான். முந்தியெல்லாம் வாரவுக ஒரு மாசம் பொறுப்பாக. இப்ப நாளைக்கே வண்டி ஓட்டணுங்காக, லோடு ஏத்தணுங்காக. வீக்கத்துக்கு டாக்டருக எழுதுறதுதான். நுணுக்கிக் கலந்துருவேன். வீட்டுலகூடத் தெரியாது.”

அவரைத் திட்டியிருக்கலாம். ஆனால் சீக்கிரம் கேட்குமா என்று மூன்று தடவை கேட்டவன் நான். “இனிமே கலக்காதீகண்ணே” என்று மட்டும் சொன்னேன்.

ஊருக்குச் சாலை பிரிகிற விலக்கில் பேருந்துக்காக நின்றபோது அட்டையில் இருந்த பெயரைக் கைபேசியில் தேடினேன். விளையாட்டில் தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் அது இருந்தது. போட்டி நடக்கும்போது வாய்வழியாக எடுக்கக் கூடாதது. நான்கைந்து முறை படித்தேன்.

இனிச் சொல்லப்போவதை என் மனைவியிடம்கூட வெகுநாள் சொல்லவில்லை. காகிதத்தில் மாத்திரைப் பெயரை எழுதியிருந்த கடைசி வரியைப் பின்பக்கமாக மடித்தேன். பதினொரு பெயர் மட்டும் தெரியும்படி படம் எடுத்தேன். வைத்தியர் யாரிடமும் சொல்லமாட்டார். தூள் கொஞ்சந்தான் தின்றிருப்பாள், பரிசோதனையில் தெரியாமலும் போகலாம். நாளைக்கு அவள் ஆடிவிடுவாள். படத்தை அனுப்பிவிட்டேன்.

உடனே அழைப்பு வந்தது.

“எல்லாம் மூலிகைதானாப்பா? டாக்டர்ட்ட காட்டவா?” அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. பின்னால் யாரோ பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“ம்.”

“அவ்வளவுதானா?”

எதிர்ப்பக்கம் ஒரு வண்டி வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

“அப்பா, அவ்வளவுதானான்னு கேட்டேன்.”

“இன்னொண்ணு இருக்கும்மா” என்றேன்.

சொல்லி முடித்தேன். எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவள் அந்த அறையைவிட்டு வெளியே நடந்து போகிறாள் என்று தெரிந்தது.

“மாத்திரைப் பேர ஸ்பெல்லிங்கோட அனுப்புங்கப்பா” என்றாள். “அட்டையப் படம் எடுத்து அனுப்புனாலும் சரி.”

“என்னம்மா செய்யப் போற?”

“டாக்டர்ட்டப் போறேன்.” பிறகு, “வெயில்லயா நிக்கிறீக? ஏதாச்சும் சாப்பிட்டீகளா?” என்று கேட்டாள்.

அரையிறுதியை நானும் மனைவியும் வீட்டில் கைபேசியில் பார்த்தோம். ஆடாத பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தை ஒரே ஒரு முறை காட்டினார்கள். ஓரத்து நாற்காலியில் அவள் இருந்தாள். ஒரு விக்கெட் விழுந்தபோது எழுந்து நின்று கைதட்டினாள். “தலையக்கூடச் சீவல பாருங்க” என்று மனைவி திரையை விரலால் தடவினாள். படம் நின்றுபோய், திரும்ப ஓடவிடுவதற்குள் காட்சி மாறிவிட்டது.

மதுரை விமான நிலையத்தில் அவளைப் பார்த்ததும் எதையெல்லாமோ சொல்ல வேண்டும் என்று மனதில் கோத்து வைத்திருந்தேன். பையை வாங்கிக்கொண்டதோடு சரி. காரில் காரியாபட்டி வரை வந்தோம். அங்கே நிறுத்தச் சொல்லி, சூடாக வடை வேண்டும் என்றாள். நாங்கள் மூவரும் கடை வாசலில் நின்று தின்றோம். அவள் தன் வடையில் பாதியைப் பிய்த்து, கேட்காமலே என் இலையில் வைத்தாள்.

சில வாரங்களில் அறிக்கை வந்தது. மாத்திரையின் தடம் இருக்கிறது, விசாரணை முடியும்வரை எந்த அணியுடனும் ஆடவோ பயிற்சி செய்யவோ கூடாது, நடந்ததை எழுத்தில் விளக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

விளக்கத்தை நான் எழுத உட்கார்ந்தேன். ஊராருக்கு எத்தனையோ மனு எழுதிய கை. தவறு முழுவதும் என்னுடையது, பாட்டிலை வைத்தவன் நான், வைத்தியர் கலந்தது எனக்குத் தெரியாது, என் மகளுக்கு எதுவுமே தெரியாது என்று இரண்டு பக்கம் எழுதி அவளிடம் கொடுத்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் வைத்து நிதானமாகப் படித்தாள். பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தாள்.

“எதும்மா?”

“எதுவுமே தெரியாதுன்னு எழுதியிருக்கீக.”

“மாத்திரை இருந்தது ஒனக்குத் தெரியாதுல்ல.”

“மாத்திரை தெரியாது. தூளு கூடாதுன்னு தெரியும்ல. நான்தான கையெழுத்துப் போட்டேன்.”

“அந்த வரி இருந்தாத் தண்டனை கொறையும்மா. அத எதுக்கு நாமளே சொல்லணும்?”

அவள் பேனாவை மூடித் திறந்து மூடினாள். “காலு வலிக்குதுன்னு சொன்னா வெளிய உக்கார வச்சிருவாகன்னு பயந்துதான்ப்பா தின்னேன். நீங்க வைக்கலன்னா வேற எதையாச்சும் தேடியிருப்பேன்.”

“அதையும் எழுதணுமா?”

“அத எழுத வேணாம். அது ஒங்களுக்குச் சொன்னது.”

சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வேறு தாள் எடுத்து, அந்த வரி இல்லாமல் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத எழுத ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தாள்.