எடுக்காத இரண்டு டிக்கெட்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருச்செந்தூர்ப் பக்கம் அப்படியொன்றும் தூரமில்லை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஆனாலும் கல்லூரி விடுதியில் என் அறைத் தோழியாக இருந்தவளைப் பார்த்துப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. கடைசியாகப் பார்த்தது அவள் கல்யாணத்தில். அந்தக் கடற்கரையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனாள். எங்கள் வீட்டில் கல்யாணம், சடங்கு, சாவு வீட்டுத் துட்டி என்று கிளம்பினால் ஒரு கேள்வி கிடையாது. சிநேகிதியைச் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் "எதுக்கு?" என்பார்கள். அவள் வீட்டிலும் இதே கதைதான்.

விடுதியில் நாங்கள் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக் கேட்ட பாடகர் திருநெல்வேலிக்குக் கச்சேரிக்கு வருகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. டிக்கெட் ஆன்லைனில் மட்டும்தான். வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு விற்பனை. "கெடச்சா போயிட்டு வா" என்றார் வீட்டுக்காரர்.

லேப்டாப்பில் வெகுநேரம் காத்திருப்பு வரிசை. போனில் அவள். பதினொன்று ஐம்பத்துமூன்றுக்கு இரண்டு இருக்கைகள் அடுத்தடுத்துக் கிடைத்தன. எட்டு நிமிடத்துக்குள் பணம் கட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு வரை ராகு காலம். மற்ற நாளில் அதைச் சொல்கிறவர்களைக் கிண்டல் செய்கிறவள் நான். அன்று பார்த்து எனக்குக் கை வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து நடக்கப்போகிற காரியம், தட்டிப்போய்விடக் கூடாதே என்று பயம். பன்னிரண்டு அடித்ததும் அமுக்கினால் ஒரு நிமிடம் மிச்சமிருக்கும் என்று கணக்குப் போட்டேன். பெரிய கெட்டிக்காரி!

"ஏட்டி, அமுக்கித் தொலையேன்!" என்று கத்தினாள் அவள். மாதா கோவிலுக்குப் போகிறவளுக்கு ராகு காலமாவது ஒன்றாவது.

பன்னிரண்டுக்கு அமுக்கினேன். வங்கியிலிருந்து ஓடிபி வரவில்லை. அது வந்து சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டிருந்தது. மறுபடி உள்ளே போய்ப் பார்த்தால் எல்லா டிக்கெட்டும் விற்றுப்போயிருந்தது.

வீட்டில் சொன்னேன். "சரி, விடு" என்றார்கள். அவளிடமும் "அடுத்த தடவ பாப்போம்ட்டி" என்றேன். அவள் "ம்" என்றாள்.

கச்சேரி நாளன்று சாயங்காலம் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல், நடுவில் அவள் குரல்.

"எங்கட்டி நிக்க? நான் மைதானத்துக்கு வெளிய, வேலிப் பக்கம் நிக்கேன். பாட்டு இங்கனயே நல்லா கேக்கு. நெறைய பேரு நிக்காவ."

"நமக்குத்தான் டிக்கெட் இல்லையே" என்றேன்.

"அது தெரியாதா எனக்கு? நீ எப்படியும் வந்துருவன்னு நெனச்சேன்."

அடுப்பை அணைத்தேன். நான் பாட்டைக் கேட்கத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, போனை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவள் பேசினால் போதும் என்றிருந்தது.