பதினேழு பிஞ்சுகள்

வெள்ளரிப் பந்தலடியில் அன்றைக்கு அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், அம்மாவின் அண்ணனான மாமா இருந்தார், அவர் மனைவி அத்தையும் இருந்தாள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்தான் லயம்; பக்கத்து வீட்டுச் சன்னல்களில் பாதி லயமே நின்றது. அப்பா மட்டும் இல்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவருக்கு வேலை. பொழுது சாய்ந்துதான் வருவார். அவர் இருந்திருந்தால் என் விரல் பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

சாந்தன்பாறையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் எங்களுக்கென்று இருந்தது ஒரு கட்டில் அகல மண். அதில் அம்மா நட்ட வெள்ளரி, பந்தலேறிப் பூத்துப் பிஞ்சும் விட்டது. எண்ணிப் பார்த்தேன், பதினேழு. சுட்டுவிரலை நீட்டித்தான் எண்ணினேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிஞ்சுக்கு நேரே விரல் நீட்டினால் அது அழுகிவிடும், விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; சட்டத்தை மறந்துவிட்டேன்.

நாலே நாளில் பிஞ்சுகள் மஞ்சளாகிச் சுருங்கி ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

"எவன் கண்ணோ, எவன் கையோ!" என்று அத்தை ஆரம்பித்தாள்.

"இவந்தான் அத்தை. ஒண்ணு, ரெண்டுன்னு வெரல நீட்டி எண்ணிக்கிட்டுத் திரிஞ்சான்" என்றாள் அக்கா.

மாமா அந்த வாரம் முழுக்க ஏலக்காட்டில் பூச்சிமருந்து அடித்தார்; அன்றும் அடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். மருந்து பீச்சும் பித்தளைக் குழாய் இன்னும் கையில் இருந்தது.

"நீட்டுனியாடா?"

"ஆமா மாமா. எண்ணத்தான்..."

"கணக்குப்புள்ள ஆகப்போறாரு தொர! எந்த வெரலு? காட்டு."

காட்டினேன். அப்படி ஒரு முட்டாள் நான். குழாய் நேரே விரல் முட்டியில் இறங்கியது.

"வலது கைண்ணே! திங்கக்கெழம பரிச்ச இருக்குண்ணே!" என்று அம்மா கத்தினாள். அடி விழுந்த பிறகு கத்தினாள். அதையும் நான் மறக்கவில்லை.

அது அரசு விடுதிப் பள்ளியில் சேர்வதற்கான பரீட்சை. தேறினால் தங்க இடம், சோறு, படிப்பு எல்லாம் இலவசம். வீங்கிய விரலால் பேனாவைப் பிடிக்க முடியாமல் பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். இடம் போனது.

கட்டுப் போட்ட விரலோடு வீட்டில் கிடந்த நாட்களில், பந்தலடியில் செத்துக் கிடந்த தேனீக்களைப் பொறுக்கித் தீப்பெட்டியில் அடைத்து விளையாடினேன். பூத்த காட்டில் மருந்து அடித்தால் தேனீ சாகும், தேனீ தொடாத பூவின் பிஞ்சு வெம்பி உதிரும் என்று கல்லூரி வகுப்பில் கேட்டபோது எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்குச் சாட்சி சொல்ல வேண்டியவை எல்லாம் என் கையிலேயே இருந்திருக்கின்றன. நானோ பெட்டியைக் குலுக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமாவிடம் இதை இதுவரை சொல்லவில்லை. மூக்கை மூட ஒரு துணிகூடக் கொடுக்காமல் அவரைக் காட்டுக்குள் அனுப்பிய தோட்டத்துக்காரர்கள்மேல் கோபப்படுவதா, அவர்மேல் கோபப்படுவதா? இரண்டு கோபமும் ஆறாமல் கிடக்கின்றன.

இலவசப் படிப்பு போனதால் என்னைப் போடியில் காசு கட்டும் விடுதியில் சேர்த்தார்கள். ஐந்து வருடத்துக்கு முப்பதாயிரம் ரூபாய் ஆனது. அதில் பதினைந்தாயிரம், மாமா மருந்து அடித்துச் சம்பாதித்தது.