நர்ஸ் அறைக் கார்டு

லட்ரீஸ் தன் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் அவளால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

மிஸ்ஸிசிப்பி ஆற்றங்கரை நகரத்தின் வடக்குக் கோடியில், கறுப்பர் தெருவொன்றில் அவள் வீடு. ரயில் பாலத்தைத் தாண்டினால் வேறு ஊர், வேறு பள்ளி. அந்த ஊர் முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருஷமாக இரவு வேலை. வெள்ளைக்காரக் கிழவர்களைத் துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைக்கிறாள். அவள் கை அந்த ஊருக்கு வேண்டும், அவள் பிள்ளைதான் வேண்டாம். அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் அந்தப் பள்ளி. வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும். நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வகுப்புப் படத்தில் மட்டும் இருபத்திரண்டு வெள்ளைப் பிள்ளைகள், ஓரத்தில் அவள் மகள் அமாயா.

அமாயா அங்கே சேர்ந்தது லட்ரீஸின் சித்தி ஆர்னெட்டாவின் முகவரியில். பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கடை மாடியில் சித்திக்கு ஒற்றை அறை இருந்தது.

"புள்ள எங்கூடத்தான் இருக்குன்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காதடி. ஒன் மூஞ்சியே காட்டிக்குடுத்துரும்" என்றாள் சித்தி.

சேர்க்கைப் படிவங்களில் லட்ரீஸ் சித்தி வீட்டு முகவரியை எழுதினாள். கடைசியாக நர்ஸ் அறைக் கார்டு வந்தது. அமாயாவுக்கு ஆஸ்துமா. அவசரமென்றால் பகலில் தாய் எங்கே இருப்பாள் என்று கேட்டிருந்தது. இரவு வேலை முடிந்து அடித்துப்போட்ட மாதிரி தூங்கும்போது போன் காதில் விழாது. சித்தி முகவரியை எழுதப் போய் நிறுத்தினாள். பிறகு தன் வீட்டு முகவரியையே எழுதி, 'போன் எடுக்காவிட்டால் கதவைத் தட்டவும்' என்று சேர்த்தாள். பெற்றவள் வேறென்ன எழுதுவாள்?

பிப்ரவரிக் குளிரில் அமாயாவுக்கு இழுப்பு வந்தது. லட்ரீஸ் போனை எடுக்கவில்லை. பள்ளி ஆள் ஒருவர் பாலம் தாண்டி வந்து கதவைத் தட்டினார். வெறுங்காலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பனியில் ஓடினாள். பிள்ளை பிழைத்தது. மறுவாரம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"எனக்கும் சங்கடமாத்தான் இருக்கும்மா. ஆனா இந்த ஊர்ல குடியிருக்கணும்னு விதி இருக்குல்ல?"

"பொய் எழுதின காகிதம் ஒங்ககிட்ட ஒரு கட்டு இருக்கு. நெஜத்த எழுதினது இந்த ஒரு கார்டுதான். இதுக்காகவா தொரத்துறீங்க?"

தலைமையாசிரியை விலக்கல் கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். நர்ஸ் இன்ஹேலரை ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டாள்.

வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் எந்த வகுப்பிலும் ஒரு வெள்ளை முகம் இல்லை. அங்கேயும் ஒரு கார்டு கொடுத்தார்கள். இந்தத் தடவை லட்ரீஸ் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதினாள். அதில் யாருக்கும் எந்த ஆட்சேபமும் இல்லை. குமாஸ்தாப் பெண் இன்ஹேலரை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தாள்.

"நர்ஸ் செவ்வாக்கெழம மட்டுந்தான் வருவாங்க அக்கா. நாலு பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஆளு."

அமாயா தாயின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அப்போ நான் செவ்வாக்கெழமதான் மூச்சு முட்டணுமா?"