இடுப்பளவுத் தண்ணீர்

திங்கட்கிழமை காலை மருத்துவமனையின் சிகிச்சைத் தொட்டியை எட்டிப் பார்த்ததும் கம்பியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சளவு நிற்க வேண்டிய வெந்நீர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. உள்சுவரில் புத்தம் புதிய சிவப்புக் கோடு. அதற்கு மேலே "பாதுகாப்பு அளவு" என்று கொட்டை எழுத்து.

கம்பியக்கா என்பது நோயாளிகள் வைத்த பெயர். அவர் முதுகுக்குள் இரண்டு உலோகக் கம்பிகள் உண்டு. பதின்மூன்று வயதில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்கியபோது, ஏதோ அவர் வீம்புக்குக் கோணி நிற்பதுபோல, "நிமிர்ந்து நட" என்று மொத்தக் குடும்பமும் மூன்று வருடம் அதட்டிக்கொண்டே இருந்தது. புத்தகப் பையின் மேல் பழி, படுக்கும் விதத்தின் மேல் பழி. மருத்துவரிடம் போவதற்குள் வளைவு முற்றிவிட்டது. கம்பி வைத்துப் பதினோரு எலும்புகளை ஒன்றாக இணைத்தார்கள். பிறகு இதே தொட்டியில்தான் நடை பழகினார். படித்துவிட்டு இதே தொட்டிக்குச் சிகிச்சையாளராக வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது.

அன்று முதல் ஆளாக வந்தவள் ஒரு பஸ் கண்டக்டர். முதுகில் ஆறு எலும்புகளை இணைத்து நான்கு மாதம். வெள்ளிக்கிழமை மருத்துவக் குழு முன்னால் கைத்தடி இல்லாமல் நடந்து காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

"யாருக்கா பாதித் தண்ணியக் குடிச்சது?"

"இறங்கிப் பாரு."

இறங்கினாள். பிடிகம்பியை விட்டு இரண்டடி வைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். "வெளிய நடக்கிற மாதிரியே கனக்குதுக்கா."

கனக்காமல் என்ன செய்யும்? நெஞ்சளவுத் தண்ணீரில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும். இடுப்பளவில் பாதி இறங்கும். இங்கே தண்ணீர்தான் மருந்து. மருந்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

கம்பியக்கா கண்காணிப்பாளரின் அறைக்குப் போனார்.

"முதுகு முடியாதவங்க மேடம். மூழ்கிட்டா யாரு பொறுப்பு?"

"பத்தொன்பது வருஷத்துல ஒருத்தரும் மூழ்கல சார்."

"இனிமேயும் மூழ்கக் கூடாதுன்னுதான் கோடு."

"அந்தப் பொண்ணால நடக்க முடியல சார்."

அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "கொஞ்சம் குனிஞ்சு நடக்கச் சொல்லுங்க. தண்ணி தானா நெஞ்சுக்கு வந்துடும்."

கம்பியக்கா அவரை உற்றுப் பார்த்தார். கிண்டல் இல்லை, மனிதர் மனதாரத்தான் சொன்னார். "ஒட்டி வச்ச முதுகு எங்க சார் குனியும்? நானே செருப்பு மாட்ட நாற்காலி தேடுறவ."

"அப்ப எழுதிக் குடுங்க. மேல அனுப்புறேன். பதினஞ்சு நாள்ல பதில் வந்துடும்."

"வெள்ளிக்கிழமை நாலு நாள்ல வந்துடும் சார்."

எழுதிக் கொடுக்காமல் நேராக வால்வு அறைக்கு நடந்தார். கண்டக்டரும் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தாள். வெந்நீர் வால்வின் சக்கரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேராலும் குனிய முடியாது.

"கண்காணிப்பாளரக் கூப்பிடலாமாக்கா? அவரு நல்லாக் குனிவாரு."

"வாய மூடிட்டு அந்தத் தடியக் குடு."

தடியின் வளைந்த பிடியைச் சக்கரத்தின் ஆரத்தில் மாட்டி, நின்றபடியே இழுத்தார். நாலாவது இழுப்பில் சக்கரம் அசைந்தது. குழாய் உறுமியது. வேறு யாராவது வந்து மூடிவிடக் கூடாதென்று தடியை ஆரத்துக்கும் சுவருக்கும் நடுவே முட்டுக் கொடுத்து வைத்தார். நெஞ்சளவுக்கு மேல் ஏறும் தண்ணீரைத் தொட்டியின் வழிகுழாய் வெளியேற்றிவிடும்.

பதினோரு மணிக்குச் சிவப்புக் கோடு மூழ்கியது. கம்பியக்காவின் தோளைப் பிடித்துத் தொட்டிக்குத் திரும்பியிருந்த கண்டக்டர், பிடிகம்பியைத் தொடாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எட்டு முறை நடந்தாள். திரும்பும்போதெல்லாம், "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று தண்ணீரை அதட்டினாள்.

மறுநாளே கம்பியக்காவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "மருந்து குறைந்திருந்தது, நிரப்பினேன்" என்று பதில் எழுதினார். தினமும் தண்ணீர் நெஞ்சளவு நின்றது. அதை இறக்குவதா வேண்டாமா என்று கண்காணிப்பாளர் மேலிடத்தைக் கேட்டிருந்தார். பதில் வரப் பதினைந்து நாள் ஆகுமாம்.

வெள்ளிக்கிழமை கண்டக்டர் வெறுங்கையோடு குழுவின் அறைக்குள் நடந்து போனாள். தடி இன்னும் வால்வு அறையில்தான் இருந்தது.