சிவப்பு நூல் தைத்த கம்பளி

சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். சீனாக்காரனோடு சண்டை வந்தபோது எனக்கு ஏழு வயது.

மலையிலிருந்து அவர் கடிதம் வந்தது. சின்னம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாதான் படித்தார். குளிர் சொல்லி மாளாது, பருத்திச் சட்டைதான், காலில் கேன்வாஸ் ஜோடு, வீட்டில் கிடக்கிற என் கம்பளியை அனுப்ப வழி இருந்தால் பாருங்கள் என்று எழுதியிருந்தார். ஆட்டுக்கிடையில் படுக்கும்போது அவர் போர்த்திய கறுப்புக் கம்பளி அது. கிழிந்த மூலையைச் சின்னம்மா சிவப்பு நூலால் தைத்திருந்தாள். அந்த மலைக்குப் பார்சல் போகாது என்று தபால்காரர் சொல்லிவிட்டார்.

பஞ்சாயத்து ரேடியோவில் தினம் ஒரே சேதி. நம் படை பின்னால் நகர்ந்து நல்ல இடம் பிடித்திருக்கிறது.

“இப்புடி நல்ல எடமாப் பாத்து நகந்தா, என் தம்பி ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துருவான்” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

யுத்த நிதி வாங்க ஜீப்பில் ஓர் ஆபீசர் வந்தார். சீனாக்காரனை அண்ணன் தம்பியென்று நம்பினோம், முதுகில் குத்திவிட்டான், வீரர்களுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனாலும் அள்ளிக் கொடுங்கள் என்று மைக்கில் பேசினார். தோடு கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. சின்னம்மா கம்பளியை நீட்டினாள்.

“இது எதுக்கும்மா? அங்க எல்லாம் குடுத்திருக்கு.”

“இல்லைன்னு அவுகளே எழுதியிருக்காகளே.”

“அப்படியெல்லாம் வெளிய பேசக் கூடாது. எதிரிக்குச் சாதகமாயிரும்.”

“நம்புனது நீங்க. நடுங்குறது எங்க வீட்டு ஆளு. ஒரு கம்பளி இல்லாமயா மலைக்கு ஏத்துனீங்க?”

ஆபீசர் கூட வந்த கிளார்க்குக்குக் கண்ணைக் காட்டினார். கிளார்க் ஒரு சீட்டில் சித்தப்பா பேரை எழுதிக் கம்பளியில் குத்தினார். “சேந்துரும், போம்மா.”

சித்தப்பாவுக்கு இனிக் குளிராது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

சண்டை நின்றது. கடிதமும் நின்றது.

மாசி மாசம் அப்பாவும் சின்னம்மாவும் விசாரிக்க அந்த ஜீப் ஆபீசரின் ஆபீஸுக்குப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். கிளார்க் ஏதோ காகிதத்தைப் புரட்டி, காணாமல் போனவர்கள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் கவனமில்லை. பின்பக்கம் ஓர் அறை திறந்து கிடந்தது. போர்வை, ஸ்வெட்டர், பிஸ்கட் டின் எல்லாம் குவியல். மேலே எங்கள் கம்பளி. சிவப்பு நூல். சீட்டுகூடக் கழலவில்லை.

நான் கத்திக்கொண்டே ஓடினேன். “சின்னம்மா, சித்தப்பா வந்துட்டாரு! கம்பளி இங்கிட்டு இருக்கு!”

கிளார்க் பேச்சை நிறுத்தினார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சின்னம்மா வந்து பார்த்தாள். அழவில்லை. கம்பளியை எடுத்து மடித்தாள்.

“எழுதிக் குடுத்துட்டுத்தான் எடுக்கணும்” என்றார் கிளார்க்.

“எழுதிக்கங்க” என்றாள். நடந்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை.

பஸ்ஸில் கம்பளியை என் மடியில் போட்டாள். நல்ல வெயில். வேர்த்து ஊற்றியது. நான் எடுக்கவில்லை. கம்பளி வந்தாயிற்று, சித்தப்பா அடுத்த பஸ்ஸில் வருவார் என்று நினைத்து, ஊர் வரும்வரை பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன்.